வறட்டு இருமலா, சளி இருமலா?

மெடிக்கல் ஷாப்பில் என்னைத் திணறடிக்கும் கேள்வி இதுதான்: "சார், வறட்டு இருமலா, சளி இருமலா?" பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கவுன்டரில் இருக்கும் தம்பியோ பதிலுக்கு முன்பே அலமாரிப் பக்கம் கையை நீட்டிவிட்டான். என் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறதென்று எனக்கே தெரிந்தால்தானே! இருமிக் காட்டலாமென்றால், வழியெல்லாம் கூடவே வந்த இருமல் அங்கே மட்டும் வரமாட்டேன் என்கிறது. "ரெண்டும்தான்பா" என்று சொல்லி இரண்டு பாட்டில் வாங்கிவந்தேன்.

வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். குடித்த பிறகுதான். ஒன்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், 'இருமு' என்று உத்தரவு போடும் மூளையை அடக்கி வைப்பது. மற்றதில் அம்ப்ராக்ஸால், சளியை இளக்கி, இருமி வெளியே தள்ள வைப்பது. ஒருத்தன் சளியை வாசல்வரை கூட்டிவர, இன்னொருத்தன் கதவைச் சாத்துகிறான். நடுவில் நான்.

முதல் பாட்டிலில் குளோர்பெனிரமினும் இருந்தது. தூக்கம் வரவழைக்கும் சரக்கு. அதைக் கவனிக்காமல் மனைவி நீட்டிய செட்டிரிசினையும் விழுங்கிவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் ஏதோ கேட்டதற்கு, "காலையில பார்த்துக்கலாம், லைட்டை அணைம்மா" என்றேனாம். சாட்சிகள் இருக்கிறார்கள்.

அம்மா ஆரம்பத்திலேயே சொன்னாள்: "ஏண்டா, வேலியில ஆடாதொடை மண்டிக் கிடக்கு. நாலு இலை கொதிக்க வச்சு, தேன் விட்டுத் தரேன்." ஆடுகூட வாய் வைக்காத கசப்பை நான் ஏன் குடிக்க வேண்டும் என்று வீறாப்பாகக் கேட்டேன். பிறகுதான் படித்தேன், அந்த இலையில் இருக்கும் வாசிசினை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தையே உருவாக்கினார்கள். அது உடம்புக்குள் போய் மாறும் வடிவங்களில் ஒன்றுதான் அம்ப்ராக்ஸால். அதாவது என் பாட்டிலில் இருந்தது எங்கள் வேலிச் செடிக்குத் தூரத்துச் சொந்தம். இதை அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்புபோல் சொன்னேன். "அப்போ அதுக்கு எதுக்குடா காசு கொடுத்தே?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கையும் ஒரு ராத்திரி தேடி எடுத்தேன். சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது என்று கல்லூரியில் படிக்கும் மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம், பத்து நாளில் சளி தானாகப் போய்விடும், இருமல் மட்டும் கொஞ்சம் இழுக்கும் என்று வகுப்பும் எடுத்தாள். சும்மா இருந்தால் போகும் என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. சும்மா இருப்பதற்கு எந்தக் கடையிலும் பில் போடுவதில்லையே.

மூக்கடைப்புக்கு மட்டும் கைகண்ட மாத்திரை ஒன்று வைத்திருந்தேன். போட்ட பத்து நிமிஷத்தில் மூக்கு திறக்கும் என்று தெருவெல்லாம் சிபாரிசு செய்திருக்கிறேன். அதில் இருப்பது பினைலெப்ரின். வாய்வழி சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மகள்தான் படித்துக் காட்டினாள். தெருக்காரர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குக் குணமாகியிருக்கிறது. அவர்கள் மனதை ஏன் கெடுப்பானேன்?