பட்டினி கெடந்தவன் எப்படிலே பெருப்பான்?

ஏலேய் மவனே, இப்படி வந்து உக்காரு. பேரனைப் பாத்து "தின்னே பெருத்துட்டான்"னு தெருவே கேக்கச் சத்தம் போடுதியே, அவன் காலையில என்னத்தத் தின்னான்னு என்னைக்காவது பாத்தியா? பாத்திருக்க மாட்டே. தின்னாத்தானே பாக்குறதுக்கு!

மருமவ விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பிடிக்க ஓடுதா. நீ லாரியில ஊர் ஊராப் போறே. பய எட்டாப்பு. அஞ்சாப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே காலையில உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போடுதாங்க. 2022-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், கையெடுத்துக் கும்பிடுதேன். ஆனா ஆறாப்பு ஏறினதும் பிள்ளைக்குக் காலைப் பசி நின்னு போயிரும்னு சர்க்காருக்கு எந்த வைத்தியன் சொன்னானோ! மத்தியானம் சத்துணவு மணி அடிக்கிற வரைக்கும் பய வெறும் வயித்தோட கணக்குப் போடுதான். சாயங்காலம் வந்தா வீடு பூட்டிக் கெடக்கு. பெட்டிக்கடையில அஞ்சு ரூவாப் பாக்கெட்டு சரஞ்சரமாத் தொங்குது. கோவில்பட்டியில பொறந்துட்டு ஒரு கடலைமிட்டாய் வாங்கித் திங்கக் கூடாதாலேன்னு நானும் கேட்டேன். "அதுல ஸ்டிக்கர் இல்லை தாத்தா"ங்கான்.

மாசக் கடைசியில நம்ம அடுக்களை, படம் விட்டப்புறம் சினிமாக் கொட்டகை கெடக்குற மாதிரி கெடக்கும். ரேஷன்ல அரிசி சும்மா, பாமாயில் லிட்டர் 25 ரூவா, துவரம் பருப்பு கிலோ 30. அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும், நீயே சொல்லு. அப்புறம் சோறு, ஊறுகா, மறுபடியும் சோறு. நாளைக்கு உண்டோ இல்லையோன்னு பயந்த வயிறு, கெடைச்ச அன்னைக்கு ரெண்டு நாளைக்குஞ் சேத்து வாங்கிக்கும். உடம்பு பருக்குது, சத்து ஏறல. இதைப் போயி கொழுப்புங்கியே, ஒனக்குல்லாலே கொழுப்பு!

ராத்திரிக் கதை இன்னும் நல்லாருக்கும். போர்வைக்குள்ள வெளிச்சம் எரியுது. மீசை அரும்புற வயசுல உடம்புக் கடியாரமே பின்னால தள்ளிப் போயிருமாம், சீக்கிரம் தூக்கம் வராதாம். அது பத்தாதுன்னு போன் வேற. பதிமூணு வயசுக்காரனுக்கு எட்டு மணி நேரத்துலருந்து பத்து மணி நேரம் வரைக்கும் தூக்கம் வேணும்னு நர்சு படிக்கிற நம்ம பேத்தி சொல்லுதா. அவதான் இன்னொண்ணையும் வாசிச்சுக் காட்டுனா. சிகாகோவுல 12 வாலிபப் பயலுகளை ரெண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுருக்காங்க. 2004-ல வந்த சேதி. பத்து மணி நேரம் படுத்தப்ப இருந்ததை விட, "போதும்"னு சொல்லுற லெப்டின் 18 சதவீதம் எறங்கிருச்சு, "கொண்டா"ன்னு கத்துற கிரெலின் 28 சதவீதம் ஏறிருச்சு. அவனுக நாக்கு கீரைக்கா அலைஞ்சுது? இனிப்புக்கும், உப்பும் மொறுமொறுப்புமா இருக்கிறதுக்கும், சோத்துக்கும் அலைஞ்சுது. வளந்த ஆம்பளைக பாடே அப்படி. இங்க அரை வயித்தோட படுத்தவனுக்கு மொதல்ல தூக்கமே எங்கலே வரும்? தூங்காம எந்திரிச்சா, பசி ஒண்ணுக்கு ரெண்டா முன்னால நிக்குது. நீயோ "ஓடுலே, மைதானத்தைச் சுத்துலே"ங்கே. முட்டைக்குக் காசு கேட்டா மட்டும் லாரிக்கு டயர் போடணும்ங்கே.

சரி, நான் சொல்லுறதைக் கேளு. இன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுல இருக்கிற போனெல்லாம் என் டிரங்குப் பெட்டிக்குள்ள. ஒன்னுதும்தான். என்ன முழிக்கே, வட்டிக்கா விடப்போறேன்? காலையில கம்மங்கூழு நான் கரைக்கேன். பய மூஞ்சியச் சுளிப்பான், அதனால நீ அவன் முன்னால ஒரு செம்பு குடிக்கணும். அங்க எங்கலே எந்திரிச்சு ஓடுதே? ரெண்டு வெங்காயத்தை உரிச்சு வச்சுட்டுப் போ.