பின் சீட்டில் எமன்

மதுரை சிம்மக்கல் பக்கம் என் வண்டியை மடக்கியவர் சாதாரண ஆள் இல்லை, சாட்சாத் எமதர்மராஜன். ஒரு கையில் ஜிகினாப் பேப்பர் ஒட்டிய கதாயுதம், மறு கையில் பாசக்கயிறு. மொட்டை மாடிக் கொடிக்கயிறுதான். கழற்ற மறந்த துணி கிளிப் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் விழிப்புணர்வாம். என்னிடம் ஹெல்மெட் இல்லாமலில்லை, கண்ணாடியில் மாட்டியிருந்தேன். கழுத்தில் கயிறு விழுந்தது, போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். அபராதம் கட்டும்போதுதான் உயிர் போனது.

ரசீதை மடித்துப் பையில் வைக்கும்போது எமன் தோளைத் தொட்டார். "அண்ணே, டூட்டி முடிஞ்சிருச்சு. அண்ணா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எறக்கிவிட்ருங்க."

எனக்கு மறுக்கத் தைரியமில்லை. நான் குடியிருப்பது வேறு தெற்குவாசல். தெற்கு எமனுடைய திசை என்பார்கள். அந்தக் கணக்கில் அவர் எங்கள் வார்டு கவுன்சிலர் மாதிரி.

பின்னால் ஏறிக்கொண்டவர் கதாயுதத்தை மடியில் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நாடக நடிகராம். திருவிழாக் காலத்தில் ஊர் ஊராக வள்ளி திருமணம், அரிச்சந்திரா, சத்தியவான் சாவித்திரி. சீசன் முடிந்தால் கிடைக்கிற வேலை. "சினிமாக்காரங்க எங்க பொழப்பைக் கெடுத்துட்டாங்கண்ணே. எமனைக் கண்டா எவன் பயப்படுறான்?"

நியாயம்தான். 1980ல் சிவாஜி 'யமனுக்கு யமன்' என்று வந்தார். 1990ல் 'அதிசய பிறவி'யில் ரஜினியிடம் சிக்கி வினு சக்கரவர்த்தி விழித்தார். 1995ல் 'லக்கி மேன்' வந்தபோது கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். அதற்கப்புறம் நரகத்தைப் பற்றி யாருக்கு நடுக்கம் வரும்? 2008ல் எங்கள் ஊர் வடிவேலுவே எமனாகிவிட்டார். 2019ல் யோகி பாபு. இந்தப் படங்களில் மேலோகம் என்பது தாலுகா ஆபீஸுக்கு மேல்மாடி. ஒன்று ஏட்டில் குளறுபடி, இல்லையென்றால் ஏடே காணோம். சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தனுக்கு உரிய நாள். மதுரையிலோ அன்றைக்கு ஊரே அழகரைப் பார்க்க ஆற்றில் நிற்கும். கணக்குப்பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாத கோபத்தில்தான் எங்கள் ஊர் ஃபைலெல்லாம் குழம்புகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கோரிப்பாளையத்து பாய் ஒருவரிடம் முன்பு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உசுரெடுக்க வர்ற எங்க இஸ்ராயீலுக்கு எருமையும் கிடையாது, கணக்குப்பிள்ளையும் கிடையாது. உத்தரவு வந்தா வருவாரு. ஆள் மாறாட்டம்கிற பேச்சே இல்ல" என்றார். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. குளறுபடிக்கு இடமிருக்கிற நம் இலாகாவே தேவலை. உசிலம்பட்டிப் பக்கத்து என் அப்பத்தா தொண்ணூறு தாண்டியும் திண்ணையில் உட்கார்ந்து, "எம் ஓலையைத் தொலைச்சுப்புட்டான் பாவிப்பய" என்று தினமும் எமனை வைவாள், கடன்காரனை வைவதுபோல. அவள் போனபோது ஒப்பாரியில் அவன் வாங்காத வசவில்லை. மறுநாள் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரிலும் அவனுக்குத்தான் திட்டு.

"ஆனா ஒரு காலத்துல அப்படி இல்லண்ணே" என்றார் பின்சீட்டுக்காரர். குரல் இறங்கியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் கதையைச் சொன்னார். நாடக உலகில் வழிவழியாகச் சொல்லிவருவது: சுவாமிகள் எமனாக மேடையேறிய கோலத்தைப் பார்த்து, கூட்டத்திலிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது. அதன்பின் அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டு, எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் உட்கார்ந்துவிட்டார். 1918ல் இதே மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பாடம் படித்த பையன்கள்தான் டி.கே. சண்முகம் சகோதரர்கள். "அவரு கட்டுன வேஷத்தைத்தான் நானும் கட்டுறேன். என்கிட்ட பிள்ளைக செல்ஃபி எடுக்குதுங்க."

ஏ.வி. பாலம் வந்தது. 1889ல் கட்டிய பாலம் எத்தனையோ பேரைச் சுமந்திருக்கும். எமனை பைக்கில் சுமந்ததா தெரியாது. செத்தவன் வைதரணி நதியைப் பசுவின் வாலைப் பிடித்துக் கடக்க வேண்டுமென்று கருட புராணத்தில் கேட்டிருக்கிறேன். கீழே வைகையில் நாலைந்து பசுக்கள் நடு ஆற்றில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. வாலைப் பிடிக்கிற சிரமம் எங்களுக்கு இல்லை.

பனகல் ரோட்டில் திரும்பியதும், "அண்ணே, இந்த எடத்தைக் கொஞ்சம் வெரசாத் தாண்டிருங்க" என்றார். முன்னால் பெரியாஸ்பத்திரி. ஆனால் ஆம்புலன்ஸ் உள்ளே திரும்புவதற்காக வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன, நாங்கள் சரியாக வாசலுக்கு நேராக. எமன் அவசர அவசரமாகக் கிரீடத்தைக் கழற்றினார். என் தோள்துண்டை உருவி முகத்தைத் துடைத்தார். மை கன்னமெல்லாம் பரவி, முன்னைவிட மோசமாகிவிட்டது.

தூக்குவாளியோடு வாசலில் நின்ற ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

"ஏய், இங்க என்ன சோலி ஒனக்கு? எம்மகன் உள்ள படுத்திருக்கான். அங்கிட்டுப் போ!"

எமன் பதறி இரண்டு கையையும் கூப்பினார். "போயிர்றேன்த்தா. இந்தா போயிர்றேன்."

கை கூப்பியதில் மடியிலிருந்த கதாயுதம் நழுவி ரோட்டில் உருண்டது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. வழி கிடைத்ததும் வண்டியை முறுக்கினேன்.