ஈற்றுச்சொல் ரசிகர்: ராப் கேட்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

ராப் பாடகர்களைப் பற்றி எழுதுகிறார்கள். ராப் வரிகளின் அரசியலைப் பற்றி எழுதுகிறார்கள். ஆனால் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நசுங்கி உட்கார்ந்து, வரிக்கு ஒரு சொல் வீதம் பாடி, முழுப் பாட்டையும் முடித்துவிட்ட திருப்தியோடு இறங்கிப் போகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. மரபுப்படி முதலில் நூற்பா:

ஈறு முழங்கி இடையெலாம் விழுங்கிக்
கழுத்தசைத் தொழுகல் ரசிகர் கடனே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், சாதாரண ராப் ரசிகரின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. வரியின் கடைசிச் சொல்லை ஊருக்கே கேட்கும்படி சொல்லி, அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் வாய்க்குள்ளேயே மென்று, கழுத்தை மட்டும் விடாமல் ஆட்டுகிறவர் எவரோ அவரே ரசிகர். ‘ஒழுகல்’ என்றதனால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியும் இது நிகழும் என்பது பெற்றாம்.

கடைசிச் சொல் மட்டும் ஏன்? ராப்பின் வரி பெரும்பாலும் நாலு தட்டு. இரண்டாவதிலும் நாலாவதிலும் ஸ்நேர் டிரம் ‘பட்’டென்று விழும். அந்த நாலாவது அடியை ஒட்டித்தான் வரி முடியும். இயைபும் அங்கேதான் உட்காரும். நம் புலவர்கள் மோனையும் எதுகையும் வைத்துக் கேட்பவரை வாசலிலேயே மடக்கிவிடுவார்கள். ராப்காரர் கொல்லைப்புறத்தில் காத்திருக்கிறார். நாலாவது அடி எப்போது வரும் என்பது ரசிகரின் உடம்புக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் போதும். எமினெமின் ‘ராப் காட்’ (2013) ஆறு நிமிடச் சொச்சத்தில் 1,560 சொற்களைக் கொட்டிக் கின்னஸில் ஏறிய பாட்டு. நம்மவர் கைவசம் இருப்பவை தலைப்பிலுள்ள இரண்டே சொற்கள். மீதி 1,558ஐயும் புருவத்தை வைத்தே சமாளித்துவிடுகிறார்.

(இதெல்லாம் அருணகிரிநாதர் அன்றைக்கே பாடியதுதான் என்று எழுந்து நிற்பவர் எந்த அவையிலும் ஒருவர் உண்டு. சந்தப்பாட்டு வேறு, பேச்சைத் தாளத்தில் ஏற்றுவது வேறு. அவரை உட்கார வைத்துவிட்டு மேலே செல்வோம்.)

தமிழ்ச் சான்றுகளில் மூத்தது ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’. சுரேஷ் பீட்டர்ஸோடும் சாகுல் ஹமீதோடும் தேனி குஞ்சரம்மாளைப் பாட வைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். தலைப்பிலேயே ராப் என்று எழுதி ஒட்டியிருந்தும், கேட்டவர்கள் அதைக் குத்துப்பாட்டுக் கணக்கில்தான் சேர்த்தார்கள். அடுத்தது, மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா ‘வல்லவன்’ (2006) ஆல்பத்தில் செய்த ‘மடை திறந்து’. ‘நிழல்கள்’ (1980) படத்தின் இளையராஜா மெட்டு அதில் வந்து வந்து போகும். இங்கே ஆய்வாளர் கண்டது: மெட்டு வரும்போது ஐம்பது வயதுக்காரர் கண்ணை மூடிப் பாடுகிறார், ராப் தொடங்கியதும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், மூடியைத் திருகி முடிக்கவும் மெட்டு திரும்பவும் சரியாக இருக்கிறது. அவர் மகனுக்கு இதே பாட்டில் தண்ணீர் தவிக்கும் இடம் வேறு.

சிக்கலான சான்று ‘என்ஜாயி எஞ்சாமி’ (2021). கல்யாண ரிசப்ஷன். பாடகி தீயின் குரல் வரும் இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு கையையும் தூக்கி ஆடுகிறார். ராப் பாடும் அறிவு வேகமெடுத்ததும் கைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. கழுத்து மட்டும் ஓடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாமல் திரும்பியவர்களின் கதை அது. தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்ததாக அறிவே சொல்லியிருக்கிறார். அதற்கு ஏசி மண்டபத்தில், பட்டு வேட்டியில் ஆட்டம். ஈற்றுச்சொல் மட்டும் பிடிக்கிறவருக்குக் கதை பிடிபடச் சில கல்யாணங்கள் ஆகும். பிடிபட்ட பிறகும் அவர் ஆடுவதில் தப்பில்லை என்பதே இவ்வாய்வின் துணிபு. ஆட வேண்டாம் என்றிருந்தால் அந்த அடியை எதற்கு வைத்தார்கள்?

இனிக் கடா: பாட்டில் கால்வாசியை மட்டும் கேட்கிறவரை ரசிகர் என்னலாமோ எனின், என்னலாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் டி.ஜே. கூல் ஹெர்க்கின் தங்கை ஒரு பார்ட்டி வைத்தார். ரெக்கார்டு போட்டவர் ஹெர்க். ஆட வருகிறவர்கள் முழுப் பாட்டுக்கும் ஆடுவதில்லை, பாட்டு அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே காத்து நிற்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்தத் துண்டு முடிந்ததும் மற்றதில் தொடங்கி, அதையே நீட்டிக்கொண்டு போனார். அந்த நீட்டலின்மேல் மைக்கில் பேசிய பேச்சுதான் வளர்ந்து ராப் ஆயிற்று. ஆகவே, பிடித்த இடத்துக்கு மட்டும் காத்திருப்பவர் இக்கலையின் ஓரத்தில் நிற்பவர் அல்லர், மூலவர். இதை எடுத்துச் சொன்னால் சித்தப்பா இன்னும் அதிகம் ஆடக்கூடும் என்பதால் சொல்லவில்லை.

ஆய்வெல்லைக்கு வெளியே விடப்பட்டவர் ஒருவர் உண்டு. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை மனப்பாடமாக ஒப்பித்து, பக்கத்தில் இருப்பவர் தப்பாகச் சொன்னால் பாட்டை நிறுத்தித் திருத்துகிறவர். அவரை ரசிகர் வகையில் சேர்க்க வழியில்லை. ஓதுவார் என்றே கொள்ள வேண்டும். அவரை ஆராயும் பொறுப்பைச் சமயவியல் துறைக்கு விட்டுவிட்டோம்.