மௌனச் சித்தியார்: தொலைநிறுவல் குறித்துப் பரபக்கமும் சுபக்கமும்

ஓரிடத்தில் உட்கார்ந்தபடி, நெட்வொர்க்கில் உள்ள நாற்பது விண்டோஸ் கணினிகளிலும் ஒரே ஸ்கிரிப்டால் ஒரு மென்பொருளை ஏற்றுவது தொலைநிறுவல் எனப்படும். முப்பத்தொன்பதில் ஏறிவிடும். ஏறாத அந்த ஒன்றே நம் ஆய்வுப்பொருள். ஏறியவற்றை எவரும் ஆராய்வதில்லை. பிறர் மதத்தை முதலில் மறுத்துவிட்டுத் தன் மதத்தைச் சொல்வது சாத்திர முறை. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்றே பிரித்தார். சிஸ்டம் அட்மின்களுக்குள் நிலவும் மதபேதத்துக்கும் இதைவிட்டால் வேறு முறை இல்லை.

பரபக்கம்

பிங்வாதிகள் முதலாமவர். பிங்குக்குப் பதில் தராத கணினி இல்லாத கணினியே என்பது இவர்கள் துணிபு. அது பொருந்தாது. விண்டோஸ் ஃபயர்வால், இயல்பு அமைப்பில், வெளியிலிருந்து வரும் பிங்கைத் தடுத்துவிடும். அந்தக் கணினி உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும். பதில் வந்தாலும் பயனில்லை. டிஎன்எஸ் பதிவு பழையதாக இருந்தால், பதில் சொல்வது அந்த முகவரியைப் பின்னால் பெற்ற வேறொரு கணினி.

அடுத்தவர் நாமஜபவாதிகள். தூங்கும் கணினியை எழுப்ப இவர்கள் அனுப்பும் மாயப் பொட்டலத்தில், எல்லா பிட்டும் ஒன்றாக உள்ள 6 பைட்டை அடுத்து, நெட்வொர்க் கார்டின் முகவரி 16 முறை வரும். மொத்தம் 102 பைட். பக்தியில் குறைவில்லை. ஆனால் மாலையில் கிளம்புகிறவர் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், பதினாறு முறை அழைத்தாலும் கேட்க ஆளில்லை.

அதிகாரவாதிகளோ, அட்மின் கடவுச்சொல் இருந்தால் ஆகாதது இல்லை என்பார்கள். டொமைனில் சேராத கணினிக்குள் உள்ளூர் அட்மின் கணக்கோடு தொலைவிலிருந்து நுழைந்தால், விஸ்டா முதற்கொண்டு விண்டோஸ் அந்த அதிகாரத்தை வாசலிலேயே உருவிக்கொள்கிறது. கிடைப்பது பிழை எண் 5: அனுமதி மறுக்கப்பட்டது.

மறுதொடக்கவாதிகளை மறுப்பது கடினம். எதற்கும் ரீஸ்டார்ட் என்பார்கள். அது பல சமயம் பலித்தும்விடுகிறது. ஆய்வாளனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இன்ஸ்டாலர் முடிந்து 3010 என்ற எண் திரும்பி வந்தால் நிறுவல் வெற்றி, ரீஸ்டார்ட் மட்டுமே பாக்கி என்று பொருள். சுழியம் அல்லாததெல்லாம் தோல்வி என்று ஸ்கிரிப்ட் எழுதியவர், வெற்றிபெற்ற கணினியிலேயே ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்.

சுபக்கம்

இனி நம் மதம். ஏறாத கணினி மறுக்கவில்லை. அது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

விஸ்டாவிலிருந்து, பின்னணிச் சேவைகள் எல்லாம் அமர்வு 0 என்ற தனி இடத்தில் ஓடுகின்றன. பயனர் பார்க்கும் திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்டோஸின் உள்ளமைந்த சிஸ்டம் கணக்கின் பேரில் ஸ்கிரிப்ட் கிளப்பிவிடும் இன்ஸ்டாலர் அங்கேதான் எழுகிறது, 'நிபந்தனைகளை ஏற்கிறீர்களா?' என்று பணிவாக ஒரு பெட்டியைத் திறக்கிறது. அழுத்த விரலும் இல்லை, பார்க்கக் கண்ணும் இல்லை. இன்ஸ்டாலர் காத்திருக்கும். அதற்காக ஸ்கிரிப்ட் காத்திருக்கும். ஸ்கிரிப்டுக்காக அட்மின் காத்திருப்பார்.

அற்றேல், வாயை மூடிக்கொண்டு நிறுவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன எனின், சொல்லலாம்; எந்த மொழியில் என்பதே சிக்கல். எம்எஸ்ஐ கோப்புக்கு /க்யூஎன் போதும். இஎக்ஸ்இ கோப்புகளுக்குப் பொது இலக்கணம் இல்லை. ஒரு வகைக்கு /எஸ், அதுவும் பெரிய எழுத்தில்தான். சிறிய எழுத்தில் போட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிடும். இன்னொரு வகைக்கு /சைலன்ட் என்றால் பாதி மௌனம், முன்னேற்றப் பட்டை தெரியும். முழு மௌனத்துக்கு /வெரிசைலன்ட் வேண்டும். மௌனத்தில் இத்தனை தரம் இருப்பதை யோகிகளும் எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள்.

சிஸ்டம் கணக்குக்கு இன்னொரு துயரமும் உண்டு. தன் கணினிக்குள் அது சர்வ வல்லமை படைத்தது. வெளியே அதற்கு முகமில்லை. உங்கள் மேசையில் இருக்கும் இசட் டிரைவ் அதற்குத் தெரியாது. டொமைன் நெட்வொர்க்கில் அது கணினியின் பெயரோடு டாலர் குறி சேர்த்துப் போய் நிற்கும். பகிர்வுக் கோப்புறை அந்தப் பெயரை அனுமதிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பும். உட்கார்ந்து சோதித்தபோது ஓடிய ஸ்கிரிப்ட் இரவில் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சான்று வேண்டுவோர் திரும்பிவரும் எண்ணை நம்பற்க. மார்க் ருஸ்ஸினோவிச் எழுதிய பிஎஸ்எக்ஸெக் என்ற தொலை இயக்கக் கருவியில் காத்திராதே என்று சொல்லி ஓடவிட்டால், அது தருவது கிளப்பிவிட்ட புரோகிராமின் அடையாள எண். அதைப் பிழை எண்ணென்று கருதி அர்த்தம் தேடியவர் பலர். 1603-ஓ பலவகைத் தோல்விக்கும் பொதுவான எண். அதிலிருந்து ஒன்றும் பெறப்படாது. விரிவான லாக் எழுதச் சொல்லி, அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற வரியைத் தேடி, அதற்குச் சற்று மேலே படிக்க. அங்கே உண்மை இருக்கும்.

கடைசியாக, பென்டிரைவ் மதத்தார். மூன்றாம் மாடிக்கு நேரே போய் டபுள் கிளிக் செய்தால் ஐந்து நிமிஷ வேலை என்பார்கள். போகட்டும். பாதி நிறுவலில் கேள்வி கேட்டு நின்ற பழைய இன்ஸ்டாலர், அமர்வு 0-வில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். டபுள் கிளிக் செய்தவருக்கு வருவது பிழை எண் 1618: ஏற்கெனவே ஒரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து முதலில் அதை முடிக்கவும்.