புழுவுக்கும் ஒரு பங்கு வையுங்க, மாப்பிள்ளை

மாப்பிள்ளை, பேத்திக்கு இயற்கை மேல பாசம் வரணும்னு நீங்க படுத பாட்டை மக போன்ல சொன்னா. சுவருல வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர், போர்வையில வண்ணத்துப்பூச்சி, தலைக்கிளிப்புல வண்ணத்துப்பூச்சி. இத்தனைக்கும் பிறகு பாசம் வராம எங்க போயிரும்! ஆனா பால்கனித் தொட்டியில நிக்க கறிவேப்பிலைச் செடியில ஒரு பச்சைப் புழுவைப் பாத்ததும், கரப்பான் மருந்தை எடுத்துப் புஸ்ஸுனு அடிச்சீங்களாமே? நல்ல காரியம். வண்ணத்துப்பூச்சி வேணும், புழு ஆகாது. பேரப்பிள்ளை வேணும், மருமக ஆகாதுங்கிற மாமியா கணக்குல்லா இது!

அந்தப் புழு யாரு தெரியுமா? சிறகு முளைச்சா அதும்பேரு எலுமிச்சை அழகி. கருப்புச் சிறகு முழுக்க வெளிர்மஞ்சத் திட்டு, பின்சிறகு ஓரத்துல செவப்பா ஒரு பொட்டு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை, இந்தக் குடும்பத்துச் செடியாப் பாத்துத்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலை அழகின்னு அதுக்கொரு பங்காளியும் உண்டு. தாய்ப்பூச்சி இலையில வந்து உக்காந்து காலால தட்டிப் பாக்கும். அதுக்கு ருசி தெரியுதது காலுல. சரியான செடிதான்னு தெரிஞ்ச பிறகுதான் முட்டை. உங்க அடுக்குமாடி வாசல்ல வாட்ச்மேன்கிட்ட கையெழுத்துப் போடாம உள்ள வார விருந்தாளி அது ஒண்ணுதான். அதுக்கும் மருந்தடிச்சு வழியனுப்பிட்டீங்க.

போனது போகட்டும். அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு கேப்பாங்க. பேத்தி அஞ்சு வயசுல நல்லாவே வளைஞ்சு, குனிஞ்சு, எறும்பு ஊருததைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. வளைய வேண்டியது நீங்க. எப்படின்னு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

கொழுந்து இலையைத் திருப்பிப் பாருங்க. ரவை அளவுக்கு வெளிர்மஞ்சளா, உருண்டையா ஒண்ணு ஒட்டியிருந்தா அதுதான் முட்டை. மூணு நாலு நாள்ல பொரிஞ்சிரும். வெளிய வந்த குஞ்சுப்புழு மொதல்ல திங்கிறது அது இருந்த முட்டை ஓட்டைத்தான். நம்ம வீட்டுல காப்பி குடிச்ச டம்ளரை அங்கணத்துல கொண்டு வைக்கவே ஆளில்ல, அது பிறந்த அன்னைக்கே எடத்தைச் சுத்தம் பண்ணிருது! சின்ன வயசுல கருப்பும் வெள்ளையுமா, அச்சு அசல் குருவி எச்சம் மாதிரி கிடக்கும். திங்க வார குருவி ஏமாந்து போறதுக்குத்தான் அந்த வேசம். நீங்களும் ஏமாந்து ஈரத்துணியால தொடச்சிராதீங்க.

நாலு தடவை தோலுரிச்ச பிறகு உடம்பு பச்சையாயிரும். அப்பப் பேத்தி விரலால தொடுவா. தலைக்குப் பின்னால இருந்து ஆரஞ்சு நெறத்துல கவட்டைக் கொம்பு ஒண்ணு வெடுக்குனு நீளும், கூடவே ஒரு நாத்தமும் வரும். கடிக்காது, கொட்டாது, பயப்பட வேண்டாம். ‘என்னைத் தொடாதே’ன்னு அது சொல்லுத முறை அது. இதைவிட நல்லா மரியாதைப் பாடம் நடத்த எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இருக்காரு? அதுவும் பீசு இல்லாம!

வீட்டுக்குள்ள வச்சு வளக்கணும்னா ஒண்ணு ரெண்டு போதும், பண்ணை வைக்க வேண்டாம். அகலமான பாட்டில்ல செடிக்கொப்பை நட்டு, மேல கொசுவலைத் துணியைக் கட்டுங்க. கொப்பு வாடாம இருக்கச் சின்னக் குப்பியில தண்ணி வச்சா, குப்பி வாயைப் பஞ்சால அடைச்சிரணும். இல்லேன்னா புழு எறங்கித் தண்ணியில விழுந்து செத்துரும். தெனமும் புது இலை போடணும், புழுக்கையைத் தட்டிக் கொட்டணும். அந்த வேலை பேத்திக்கு. அவளுக்காக நீங்க செஞ்சு கொடுத்தா, பாடம் உங்களுக்குத்தான் சேரும். இன்னொண்ணு: கடைக் கறிவேப்பிலையைப் போட்டுறாதீங்க. மருந்தடிச்ச இலையா இருந்தா புழு செத்துப் போகும். நாம தாராளமா ரசத்துல போட்டுக் குடிக்கலாம், நமக்குத்தான் எதுவும் ஆகாதே!

ரெண்டு வாரம் போல தின்னு தீத்துட்டு, இடுப்புல ஒரு நூலைச் சுத்திக்கிட்டுக் கொப்புல சாஞ்சு கூட்டுப்புழுவாயிரும். பச்சை எடமா இருந்தா பச்சை, காஞ்ச எடமா இருந்தா பழுப்பு. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுக் கூடு வெடிக்கும். கசங்கிப்போன சிறகோட ஈரமா வெளிய வரும். உதவி செய்யுதேன்னு கூட்டைப் பிச்சு விட்றாதீங்க. அதுவா தொங்கிக்கிட்டு, உடம்புல உள்ள நீரைச் சிறகு நரம்புக்குள்ள ஏத்தித்தான் விரியணும். ஹோம்வொர்க்கைத் தகப்பனே எழுதிக் கொடுக்க வீட்டுல இந்தச் சேதி கொஞ்சம் ஓங்கிக் கேக்கட்டும். சிறகு காஞ்சதும் பேத்தி கையாலயே தொறந்து விடச் சொல்லுங்க. அழுவா. அழட்டும்.

சில கூட்டுல பூச்சி வராது, பொடிக்குளவி வரும். தாய்க்குளவி புழுவுக்குள்ள வச்ச முட்டையில இருந்து பொரிஞ்சு, உள்ளயே தின்னு வளந்த பயலுக. அதையும் மறைக்காதீங்க. குளவிக்கும் வயிறு உண்டுன்னு சொல்லிக் கொடுங்க.

பெறகு வெளிய கூட்டிட்டுப் போங்க. ரோட்டோரத்து எருக்கஞ்செடியில வரிவரியா ஒரு புழு மேயும், அது வெந்தய வரியன். எருக்கம்பாலோட நஞ்சு உடம்புல ஏறுததால குருவி அதைத் தொடாது. அரளி இலைக்கடியில வேறொரு பூச்சியோட கூட்டுப்புழு வெள்ளி மாதிரி மினுங்கிக்கிட்டுத் தொங்கும். எருக்கம்பாலு கண்ணுல பட்டுறக்கூடாது, அரளியும் நஞ்சு. பாத்து முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. லீவு விட்டா ஸ்ரீரங்கத்துக்குப் போங்க. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல 2015-ல தொறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு. தேன் குடிக்க ஒரு செடி, முட்டை வைக்க ஒரு செடின்னு தேடித்தேடி நட்டிருக்காங்க. நம்ம மாநில வண்ணத்துப்பூச்சின்னு 2019-ல தமிழ் மறவன்னு ஒரு பூச்சியை அரசு அறிவிச்சிருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஆளு அது, உங்க பால்கனிக்கு வராது. உங்களுக்கு எலுமிச்சை அழகி போதும்.

செலவு என்னன்னு கேப்பீங்க. ஒரு கறிவேப்பிலைக் கன்னு, ஒரு மண்தொட்டி. இலை ஓட்டையாப் போகுதேன்னு மனசு பதறாம இருக்கணும், அது ஒண்ணுதான் பெரிய செலவு. பொங்கலுக்கு நான் வருவேன். செடியில ஒரு இலைகூடக் கடிபடாம பளபளன்னு நின்னுச்சுன்னா, பேத்தியைக் கேக்க மாட்டேன் மாப்பிள்ளை, உங்களைத்தான் கேப்பேன்.