வெள்ளையடிக்க வந்த விருந்தாளிகள்

எங்கள் பக்கத்தில் வந்து இறங்காத வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. பாமாயில், நிலக்கரி, பொம்மை, பழைய பேப்பர் என்று எல்லாவற்றையும் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பார்த்தாகிவிட்டது. நான் ஷிப்பிங் கிளார்க்காகக் காலம் தள்ளியவன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்ப்பதே என் பிழைப்பு. 'பொம்மைகள்' என்று எழுதிய பெட்டிக்குள் பட்டாசு இருக்கும். ரிட்டயரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. இப்போது என் கண் ஒரு புது இறக்குமதியின் மேல். பெயர்: வெளிநாட்டுத் தன்னார்வ மாணவர்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டு: 'பள்ளி மேம்பாடு'. சுங்கவரி கிடையாது.

இவர்கள் வரும் சீசன் ஜூலை. அவர்களுக்குக் கோடை விடுமுறை. நமக்குப் பள்ளி திறந்து, புத்தகத்துக்கு அட்டை போட்டு முடித்திருக்கும் நேரம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளிக்கு அப்படி ஒரு குழு வந்து இறங்கியது. எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். மூக்கில் வெள்ளையாக சன் கிரீம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஒரு வேளைக்குச் சமைத்துவிடும்.

தலைமையாசிரியை எனக்கு ஆள் அனுப்பினார். "சார், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும். நாலு வார்த்தை வரவேற்புச் சொல்லுங்க."

எனக்கு இங்கிலீஷ் வரும்தான். ஆனால் அது துறைமுகத்து இங்கிலீஷ். மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகத் திறந்தது: பதினாறு மாணவர்கள் வந்து சேர்ந்ததை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறோம், எண்ணிக்கையில் குறைவில்லை, வெளிப்பார்வைக்குச் சேதாரம் ஏதும் இல்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். அவர்களை அழைத்து வந்த பேராசிரியர் மட்டும் ஒரு தடவை தலைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பள்ளியை மேம்படுத்துவது என்றால் உலகம் முழுவதும் ஒரே அர்த்தம்தான்: சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. வடசென்னைச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது தனி வித்தை என்பது வந்தவர்களுக்குத் தெரியாது. இங்கே காற்றே உப்பு. ராயபுரத்தில் அதோடு கரியும் இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, காலையில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயந்திரம் அது சபரிமலை வேட்டியாக மாறியிருக்கும். கரி எண்ணூர்ப் பக்கம் போனது. உப்பு எங்கேயும் போகவில்லை.

நாலாம் வகுப்புப் பெண்ணின் அப்பா ஒருவர் பெயிண்டர். கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளைக்குத் தப்பு ஊசி போடுவதைப் பார்க்கிற முகம்.

"இன்னா சார் இது? சொரண்டல, உப்புத்தாள் போடல, பட்டி பாக்கல, பிரைமர் கூட இல்ல. நேரா கலரு! மழைக்கு முன்னாடி உரிஞ்சி வந்துரும் சார்."

"சேவை செய்ய வந்திருக்காங்கப்பா. கூலி கிடையாது."

"கூலி இல்லயா? அவுங்க ஒரு ஆளோட ஏரோப்ளேன் டிக்கெட் காசக் குடு சார். நான் அவுங்க ஊருக்கே போயி, அவுங்க ஸ்கூலுக்கு மூணு கோட் அடிச்சி, மிச்சக் காசுல ஊரும் சுத்திட்டு வரேன்."

அந்தச் சுவரின் சரித்திரம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவின் மேலேயே அடித்துவிட்டுப் போகிறது. விரல் நகத்தால் சுரண்டினால் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு பச்சை. கீழடிக் குழி மாதிரி அடுக்கடுக்காக நாடுகள் தெரியும். வகுப்பறை வருடாவருடம் கொஞ்சம் சிறியதாகிக்கொண்டு வருவதாக எனக்கு ஒரு சந்தேகம்.

பின்சுவரில் கடல் வரைந்தார்கள். கடலோரப் பிள்ளைகளுக்குக் கடல் பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார்கள், நல்ல மனசு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள், சிரிக்கிற டால்பின், கண்ணடிக்கிற ஆக்டோபஸ். காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பையன் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்தான்.

"அக்கா, இது இன்னா மீனு?"

நான் இடையில் நின்று விளக்கினேன். பவளப்பாறையில் இருக்கும் மீன். பெரும்பாலும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்கள்.

"கொழம்பு வெப்பாங்களா?"

"மாட்டாங்க."

"கருவாடு?"

"ஊகூம்."

"அப்புறம் எதுக்கு சொவுத்துல போட்டுக்கினு?" என்றவன், அந்தப் பெண்ணின் கையிலிருந்த பிரஷை மரியாதையாக வாங்கி, ஓரமாக ஒரு வஞ்சிரம் வரைந்தான். துடுப்பு, வாலின் வளைவு எல்லாம் கச்சிதம். பக்கத்தில் ஒரு சங்கரா, சின்னதாக நாலு நெத்திலி. அன்றைய விலையையும் எழுதினான். இன்றைக்கு அந்தச் சுவரில் பிள்ளைகள் நின்று பார்ப்பது அந்த மூலையை மட்டும்தான்.

மறுநாள் புதன்கிழமை. பள்ளியில் காலை உணவு பொங்கல், சாம்பார். பரிமாற உதவுகிறோம் என்று விடியற்காலையில் வந்தவர்களை ஆயா வரிசையில் உட்காரவைத்துவிட்டார். "கை கழுவிட்டு ஒக்காரு கண்ணு, எலும்பும் தோலுமா இருக்கே" என்று ஆறடி உயரப் பையனின் தட்டில் இரண்டாவது கரண்டி விழுந்தது. இந்த உணவுக்கு எந்த வெளிநாட்டு அறக்கட்டளை பணம் தருகிறது என்று ஒருவன் கேட்டான். பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் பத்திரம் மாதிரி ஓர் ஆதாரம் இல்லாமல் பேசுவது என் வழக்கமில்லை, எடுத்துவிட்டேன். சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது 1920-ல். செலவு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர்; பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. பிறகு காமராஜர் மதிய உணவு, எம்.ஜி.ஆர். சத்துணவு. இந்தக் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கியது. பணம் தருவது தமிழ்நாட்டு அரசு. பையன் பொங்கலில் கை வைத்தபடியே குறிப்பெடுத்துக்கொண்டான். அவன் நோட்டில் ஒரு மிளகு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சாயந்திரம் விளையாட்டு. விருந்தாளிகள் பிள்ளைகளுக்கு ஏதாவது புது விளையாட்டு கற்றுத்தருவது நிகழ்ச்சி நிரல். பிள்ளைகள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வடசென்னையில் கேரம் ஆடக் கூப்பிட்டால் யோசித்துத்தான் உட்கார வேண்டும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்கா போய் உலகக் கோப்பை கேரத்தில் மூன்று தங்கம் வாங்கி வந்தவர். இதைச் சொல்லி எச்சரிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி பவுடரைத் தட்டி, சிவப்பை உள்ளே தள்ளி, ஃபாலோவும் போட்டுவிட்டாள். பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் கோணம், விசை என்று ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு முடிவதற்குள் போர்டில் காய் இல்லை.

இந்த இடத்தில்தான் என் பழைய புத்தி விழித்துக்கொண்டது. சீட்டில் எழுதியிருப்பது 'கற்பிக்க'. உள்ளே நடப்பது கற்றுக்கொள்வது. ஆனால் இந்தச் சரக்குக்கு முன்மாதிரி உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் படிக்கும் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே வாத்தியார்களும் சரியில்லை, படிப்பும் ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓடினார் இல்லத்துக்கு. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கி, சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தரவைத்தார். படிப்பு ஏறியது. ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மதராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. நம் மணலை ஏற்றுமதி செய்து ஸ்காட்லாந்தில் கட்டடம் கட்டிய முதல் ஆள் அவர்தான். நமக்கு ராயல்டி வரவில்லை. ஆனாலும் பெல்லை நான் குறை சொல்ல மாட்டேன். குதிரையில் போனவர் என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்த்தார். அந்த ஒன்றுதான் விஷயம்.

எங்கள் குழுவிலும் ஒரு பெல் இருந்தாள். அதிகம் பேசாத பெண். பள்ளிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவள் முகம் மாறியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. "பொண்ணுங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?" என்று கேட்டாள். பிள்ளைகளைக் கேட்டதில் பட்டென்று பதில் வந்தது: ஜோடியாகத்தான் போவோம், ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள், அப்புறம் இவள் பிடிப்பாள். ஜோடி லீவு போட்ட நாளில்? அன்றைக்குத் தண்ணீரே குடிக்க மாட்டோம்.

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். இருவருமாகக் காலடிப்பேட்டையில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். கதவுக்கொரு தாழ்ப்பாள், ஸ்க்ரூ, ஒரு டப்பா எண்ணெய். மொத்தச் செலவு பெயிண்ட் டப்பா ஒன்றின் விலைகூட இல்லை. கேட்டுக்கு வெளியே நின்ற பெயிண்டரே உள்ளே வந்து மாட்டிக்கொடுத்தார். கிளம்பும் நாளில் சுவருக்கு முன்னால் பதினாறு பேரும் குதித்துக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தாழ்ப்பாளோடு யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. பிரச்சினை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கு எது தேவையோ அது படத்தில் நன்றாக வராது.

தன்னார்வலர்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் மீனவர்களோடு கல்லூரி மாணவர்களும் கும்பலாக நின்று வாளி வாளியாகக் கசடை அள்ளினார்கள். கொட்டிக் கிடந்தது எண்ணெய், தேவைப்பட்டது வாளி. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், செய்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரவேற்புரைக்கு நான் தயார்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தக் கதவு சாத்தாது என்பதை அந்தத் தாய்மார்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். விமானம் ஏறும் முன்பு அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்த பிறகு பிள்ளைகளோடு உட்காருங்கள், பொங்கல் சாப்பிடுங்கள், மீன் பெயர் கற்றுக்கொள்ளுங்கள். சுவரைப் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.