கடைசிப் பெட்டியின் மேனேஜர்

நிலக்கரி எதற்கும் முகம் சுளிக்காது. ஏசி குளிரவில்லை, கம்பளியில் கறை, எதிர் பெர்த்துக்காரர் குறட்டை விடுகிறார் என்று யாரையும் கூப்பிடாது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஏறினால் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கவிழ்க்கும்வரை வாய் திறக்காமல் வரும். சரக்கு ரயிலின் கார்டு என்ற முறையில் என் பயணிகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் சொந்தக்காரர்கள்மேல்தான்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "மாப்ள, காசிக்குப் போறோம். சித்திக்கு முட்டி வலி. ஒரு லோயர் பெர்த் மட்டும்..."

"நான் கூட்ஸ் வண்டி சித்தப்பா. அதுல பெர்த்தே கிடையாது."

"எங்களுக்கு என்னப்பா, ஏதாவது ஒரு ஓரமா இருந்தாப் போதும்."

2022-இல் கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு எங்களை 'டிரெயின் மேனேஜர்' ஆக்கினார்கள். வீட்டில் அன்று கேசரி. மாமனார் போன் பண்ணி, "உங்களுக்குக் கீழ எத்தனை பேருங்க மாப்பிள்ளை?" என்று விசாரித்தார். எனக்கு முன்னால் 58 வேகன், கீழே தண்டவாளம்.

எங்கள் வேலைக்கு நேரம் என்று ஒன்று கிடையாது, 'கால்' உண்டு. முன்பெல்லாம் கால் பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். நான் எந்த வண்டிக்குப் போகிறேன் என்பது எனக்கு முன்னால் தெரு நாய்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. மணி அடித்து இரண்டு மணி நேரத்தில், டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் நிற்க வேண்டும். அது பெரும்பாலும் ரசத்துக்குச் சாதம் போட்ட நேரமாகத்தான் இருக்கும். பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் என் மனைவி "வந்துடறோம்" என்று சொல்வதில்லை. "நான் வந்துடறேன், அவரு வண்டி எப்படியோ" என்பாள். எங்கள் வீட்டுக் காதுகுத்து ஆல்பத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் மச்சான் நிற்கிறான். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

லாபியில் முதல் காரியம், மூச்சை ஊதிக் காட்டுவது. மது வாடை இல்லை என்று கருவி ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து. அப்புறம் சாமான்கள்: சிவப்புக் கொடி இரண்டு, பச்சை ஒன்று, மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு, விசில், வாக்கி டாக்கி, விதிப் புத்தகம், 10 டெட்டனேட்டர். சம்பளம் வாங்கிக்கொண்டு வெடி சுமக்கிற குடும்பஸ்தன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அந்த வெடிக்கும் ஒரு வேலை இருக்கிறது. டிரைவர் நாலு குட்டை விசில் கொடுத்தால், 'இனி வண்டி நகராது, பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்' என்று பொருள். நான் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து, 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் பொருத்த வேண்டும். பின்னால் வேறு ஏதாவது என்ஜின் வந்து அதன்மேல் ஏறினால் வெடிக்கும், அந்த டிரைவர் உஷாராகி நிறுத்துவார். மீட்டர் கணக்கெல்லாம் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நடுராத்திரியில் அந்த மீட்டர்களுக்குள் குடியிருக்கும் நல்லபாம்பிடம் எந்தக் கொடியைக் காட்டுவது என்பதுதான் இல்லை.

என் ஆபீஸுக்குப் பிரேக் வேன் என்று பெயர். முன்னாலும் பின்னாலும் திண்ணை வைத்த இரும்புப் பெட்டி. கழிப்பறை கிடையாது. விளக்கு பெரும்பாலும் கிடையாது. மின்விசிறிக்கு மேட்டூரில் கரண்ட் தயாராகிற வரை காத்திருக்க வேண்டும். எட்டுச் சக்கர வேன் வாய்த்தால் அன்று நல்ல முகத்தில் விழித்திருக்கிறோம். நாலு சக்கர வேன் என்றால் ஒவ்வொரு தண்டவாள இணைப்பும் முதுகெலும்பின் வழியே வந்து விசாரித்துவிட்டுப் போகும். அந்த ஆட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனைக் கடந்த நேரத்தையும் ஜர்னலில் எழுத வேண்டும். 3 என்று எழுதத் தொடங்கினால் 8 என்று முடியும். அதை நம்பிப் படித்தால், நாங்கள் திருப்பத்தூரை விடுவதற்குள் சாமல்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்.

ஆனால் வேனின் முதுகில் தொங்கும் எல்.வி. பலகைக்கு இருக்கிற மரியாதையே வேறு. கடைசிப் பெட்டி இதுதான் என்பதற்கு அது அடையாளம். அதைக் கண்ணால் பார்த்தால்தான் ஸ்டேஷன் மாஸ்டர், வண்டி முழுசாக வந்துவிட்டது, பாதி எங்கேயும் கழன்று நிற்கவில்லை என்று நம்புவார். என்னைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற ஜீவன்கள் ஸ்டேஷன் மாஸ்டர்கள் மட்டும்தான். வீட்டில் அப்படி யாரும் விட்டதில்லை.

இந்தியாவில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் பக்கம் என்கிறார்கள். வண்டி அறுபது எழுபதில் ஓடுவதை நானே உள்ளே இருந்து அனுபவிக்கிறேன். சராசரியை இழுத்துப் பிடித்து வைப்பது லூப் லைன். எங்களை ஓரம் கட்டிவிட்டு மெயினில் வந்தே பாரத் போகும். கோவை எக்ஸ்பிரஸ் போகும். அப்பாடா என்று நிமிர்ந்தால், எங்கேயோ தாமதமாகி வந்த ஒரு வாராந்திர வண்டி, தாமதத்துக்கு நாங்கள்தான் காரணம் என்பதுபோல் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் நான் இறங்கி நின்று கொடி காட்டுவேன். ஜன்னலோரக் குழந்தைகள் கை காட்டும். அவர்களுக்கு நான்தான் அந்த ஊர்.

லூப்பில் நிற்பதில் உள்ள உண்மையான கஷ்டம் டீ. எங்கள் வண்டியின் நீளம் சுமார் 650 மீட்டர். என்ஜின் போய், புறப்பட அனுமதி தரும் ஸ்டார்டர் சிக்னலுக்கு முன்னால் நிற்கும். டிரைவர் குதித்தால் பெரும்பாலும் டீக்கடை. நான் குதித்தால் சீமைக்கருவேலங்காடு. 'இன்னும் ரெண்டு வண்டி இருக்கு, அரை மணி ஆகும்' என்று ஸ்டேஷன் மாஸ்டர் வாக்குக் கொடுத்ததை நம்பி ஜல்லியில் நடப்பேன். வேகன் வேகனாக எண்ணிக்கொண்டு போய்க் கடை வாசலைத் தொடுவேன். கடைக்காரர் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்ற ஆரம்பிப்பார். டீ பாதி ஆகாயத்தில் இருக்கும்போது இடுப்பில் வாக்கி டாக்கி பேசும்: "கார்டு சார், ஸ்டார்டர் போட்டாச்சு!"

நான் பச்சை காட்டாமல் வண்டி நகராது. மேனேஜருக்கு இருக்கிற ஒரே அதிகாரம் இது. ஆனால் இதை டீக்காகப் பயன்படுத்தினால், அந்த ஏழு நிமிடம் எங்கே போனது என்று வண்டிகளை இயக்கும் கன்ட்ரோல் ரூமில் கேட்பார்கள். அங்கே 'ஏலக்காய் டீ' என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை. ஆகவே பார்சல். கவரில் கட்டிய டீயைத் தூக்கிக்கொண்டு 58 வேகனையும் திரும்ப எண்ணிக்கொண்டே ஓடி, ஏறி, பச்சை காட்டி, மூச்சு வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றும் நேரத்தில் நாலு சக்கர வேன் தன் குணத்தைக் காட்டும். என் பழைய ஜர்னல்களில் சில பக்கங்கள் இன்னும் மணக்கும்.

டிரைவர்களை எனக்குக் குரலால்தான் தெரியும். சேர்வராயன் மலையடிவாரத்தில் பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று பாதை வளைகிற இடங்களில்தான் என் என்ஜினே என் கண்ணில் படும். அப்போதும் அதற்குள் இருப்பவர் தெரிய மாட்டார். முகத்தைப் பார்ப்பது, நாங்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில், சாப்பாட்டு மேசையில்.

போன மாதம் அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே புதிய கருவி பற்றி விசாரித்தார். எண்ட் ஆஃப் டிரெயின் டெலிமெட்ரி என்று அதற்குப் பெயர். பிரேக் வேனும் வேண்டாம், கார்டும் வேண்டாம். கடைசி வேகனில் இதை மாட்டிவிட்டால் பிரேக் குழாயின் அழுத்தத்தை அளந்து, வண்டி முழுசாக வருகிறதா என்று ரேடியோவில் என்ஜினுக்குச் சொல்லிக்கொண்டே வரும்.

"அது டீ கேக்காதுங்களா?"

"கேக்காது."

"தூங்காது?"

"தூங்காது சார். பேட்டரி இருந்தாப் போதும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். ரசத்தை ஒரு வாய் குடித்தார். "சரி, லூப்புல நாலு மணி நேரம் படுக்கப் போட்டாங்கன்னா, கன்ட்ரோலைத் திட்டறதுக்கு அதுல எந்த பட்டனை அமுக்கணும்?"